கேரம்: பலகை வாங்குவது முதல் ரெட்டுக்கு ஃபாலோ போடுவது வரை

கோடை விடுமுறை, மழை நாள், கல்யாண வீட்டுக்கு முந்தைய இரவு, தெருமுனை மன்றம் என்று நான்கு பேர் கூடும் இடமெல்லாம் கேரம் போர்டு வந்து உட்கார்ந்துவிடும். இவ்வளவு பேர் ஆடியும் கை தேறுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அதற்குப் பெரும்பாலும் காரணம் பலகை. வளைந்த பலகையில் நேராக அடித்தாலும் காயின் கோணலாகத்தான் போகும். கண் எதைச் சொல்கிறதோ அதைக் கை செய்ய, பலகை அதைக் கெடுக்க, கடைசியில் ஆடுபவர் தனக்குக் குறி வராது என்று நினைத்து விட்டுவிடுகிறார். ஆகவே இங்கே முதலில் பலகை, பிறகு காயின், பவுடர், அதன் பிறகே கை.

விதி விஷயமும் அப்படித்தான். வீட்டுக்கு ஒரு விதி வைத்து ஆடுவதால் ஆட்டத்தில் பாதி நேரம் சண்டையில் போகிறது. அந்தச் சண்டையைத் தீர்க்கும் பொது விதிகள் எப்போதோ வந்துவிட்டன. இந்தியத் துணைக்கண்டத்தில் பிறந்த இந்த ஆட்டம் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஊர் ஊராகப் பரவியது. இலங்கையில் 1935 வாக்கிலேயே போட்டிகள் நடந்தன. அங்கே தமிழர்கள் இதைக் ‘கரம்’ என்பார்கள். 1958க்குள் இந்தியா, இலங்கை இரண்டு நாடுகளிலும் சம்மேளனங்கள் அமைந்துவிட்டன. 1988இல் சர்வதேச கேரம் சம்மேளனம் தொடங்கப்பட்ட ஊர் சென்னை. இன்று பல நாடுகளில் உலகப் போட்டி ஆடுகிறவர்கள் பின்பற்றுவது அந்தச் சம்மேளனத்தின் அளவுகளையும் விதிகளையும்தான். கீழே வரும் போட்டி அளவுகளும் அவையே.

பலகை

கடைக்காரர் முதலில் சொல்வது தடிமன். விதிப்படி ஆடும் பரப்பின் ப்ளைவுட் 8 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது. 4 மி.மீ. பலகை வாங்கிய புதிதில் நன்றாகத்தான் ஓடும். ஐப்பசி மழையில் ஈரம் ஏறியதும் நடுவில் குழியும். அதன்பின் மெதுவாக விடும் காயினெல்லாம் நடுவை நோக்கி வளையும். பாக்கெட் ஓரத்தில் நிற்கும் காயினை மெல்லத் தட்டிப் போடவே முடியாது. 8 மி.மீ. எடுத்தாலும் பலகையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். குறுக்குக் கட்டைகள் இருந்து, அவை பரப்பை ஒட்டி நிற்க வேண்டும்.

அடுத்து அளவு. ஃபிரேமுக்கு உள்ளே ஆடும் பரப்பு 73.5 முதல் 74 செ.மீ. சதுரம், அதாவது ஏறத்தாழ 29 அங்குலம். சிறு குழந்தைகளுக்கு 26 அங்குலம் போதும். ஆனால் காயின் அளவு மாறாமல் தூரம் மட்டும் குறைவதால், அதில் பழகிய கைக்குப் பெரிய பலகையில் எல்லா அடியும் பலம் குறைந்தே விழும். போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் முதல் நாளிலிருந்தே பெரிய பலகைதான்.

மட்டத்தைச் சோதிக்க இரண்டடி ஸ்டீல் ஸ்கேலும் செல்போன் டார்ச்சும் போதும். ஸ்கேலை விளிம்பில் நிறுத்திப் பலகையின் குறுக்கே வையுங்கள். பின்னால் டார்ச்சைப் பிடியுங்கள். ஸ்கேலுக்கு அடியில் எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே பள்ளம். மூலைக்கு மூலை இரண்டு குறுக்கிலும், நடுவில் நீளவாக்கிலும் பாருங்கள். நடுவில் மெல்லிய கீற்றாக ஒளி வந்தால்கூட அந்தப் பலகை வேண்டாம்.

ஓட்டத்தைச் சோதிக்கவும் விதியிலேயே வழி இருக்கிறது. 15 கிராம் ஸ்ட்ரைக்கரை ஒரு பேஸ் லைனில், அதாவது ஆடுபவர் முன்னால் ஸ்ட்ரைக்கர் வைக்கும் இரட்டைக் கோட்டில் வைத்து முழு பலத்தோடு எதிர்ப்பக்கம் அடித்தால் அது போய் வந்து போய் என்று மூன்றரை முறை பலகையைக் கடக்க வேண்டும். கடையில் பவுடர் கேட்டு வாங்கித் தூவி இதைச் செய்து பார்க்கத் தயங்காதீர்கள். இரண்டு முறையோடு நின்றால் பரப்பு சொரசொரப்பாக இருக்கிறது, அல்லது ஃபிரேம் மரம் மென்மையானது என்று அர்த்தம். ஃபிரேம் ரோஸ்வுட் போன்ற கடினமான மரமாக இருந்தால்தான் காயின் உயிரோடு திரும்பும். அதன் அகலம் 6.35 முதல் 7.6 செ.மீ., உயரம் 1.9 முதல் 2.54 செ.மீ.

கடைசியாக, நான்கு பாக்கெட்டின் விளிம்பையும் விரலால் ஒருமுறை சுற்றித் தடவுங்கள். வார்னிஷ் கட்டித்து மேடாக இருந்தால் மெதுவாக வரும் காயின் எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிடும். பாக்கெட்டின் விட்டம் 4.45 செ.மீ. காயின் அதிகபட்சம் 3.18 செ.மீ., ஸ்ட்ரைக்கர் 4.13 செ.மீ. அதாவது காயினுக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர் தாராளம் இருக்கிறது. ஸ்ட்ரைக்கருக்கு 3 மி.மீ.தான். இந்த வித்தியாசத்தைப் பின்னால் மறுபடி பார்ப்போம்.

வைக்கும் இடம்

தரையில் சம்மணமிட்டு ஆடினால் தோள் மேலே இருந்து இறங்கும், முழங்கை பலகைக்குள் வரும். அதனால் பலகையை ஸ்டாண்டில் வையுங்கள். ஸ்டாண்டின் உயரம் 63 முதல் 70 செ.மீ., நாற்காலி 40 முதல் 50 செ.மீ. இந்த உயரத்தில் முன்கை ஏறக்குறையப் படுக்கைவாட்டில் வந்து, கண் காயினையும் பாக்கெட்டையும் ஒரே பார்வையில் பிடிக்கும்.

ஸ்டாண்டில் வைத்ததும் கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டத்தை நடுவில் இரண்டு திசையிலும் வையுங்கள். குமிழி ஒதுங்கினால் தாழ்ந்திருக்கும் காலுக்கு அடியில் நாளிதழை மடித்துக் கொடுங்கள். நம் வீட்டுத் தரை தண்ணீர் ஓடுவதற்காகச் சற்றுச் சாய்வாகவே இருக்கும். மட்டமாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

விளக்கு பலகையின் நேர் மேலே, நடுவில் இருக்க வேண்டும். போட்டிகளில் மூடி போட்ட 60 முதல் 100 வாட் குண்டு பல்ப் கேட்பார்கள். அதே வெளிச்சத்துக்கு 9 முதல் 14 வாட் எல்.இ.டி. போதும். பக்கவாட்டுச் சுவரில் இருக்கும் டியூப்லைட்டில் ஆடினால் காயினுக்கு ஒரு பக்கம் நிழல் விழும். நிழலும் காயினும் சேர்ந்து பெரிதாகத் தெரிந்து, அடி நிழல் பக்கமே தப்பும். மின்விசிறியைக் குறைத்து வையுங்கள். வேகமாக ஓடும் விசிறி பவுடரை ஒரு மூலைக்கு ஒதுக்கிவிடும்.

காயின், ஸ்ட்ரைக்கர், பவுடர்

வெள்ளை 9, கறுப்பு 9, ரெட் 1. ஒவ்வொன்றும் 3.02 முதல் 3.18 செ.மீ. விட்டம், 7 முதல் 9 மி.மீ. தடிமன், 5 முதல் 5.5 கிராம் எடை. வாங்கும்போது 19ஐயும் சேர்த்துத் தராசில் போட்டால் 95 முதல் 104.5 கிராமுக்குள் வர வேண்டும். எல்லாவற்றையும் வரிசையாக வைத்து மேலே ஸ்கேலைப் படுக்க வைத்தால் உயரம் குறைந்த காயின் தனியாக ஆடிக் காட்டிக்கொடுக்கும். விளிம்பு சிதைந்த காயினை உடனே மாற்றுங்கள். அது ஃபிரேமில் பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லவே முடியாது.

ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் கூடாது. கனமானது வாங்கினால் காயின் வேகமாகப் போகும் என்று பலரும் எடை கூடியதை எடுக்கிறார்கள். வேகம் கூடும், ஆனால் கட்டுப்பாடு போகும். பிரேக்குக்கு, அதாவது அடுக்கைச் சிதறடிக்கும் முதல் அடிக்குப் பிறகு வரும் மெல்லிய அடிகளில் அந்தக் கனம் காயினைத் தேவைக்கு மேல் தள்ளும்.

பவுடர் போரிக் பவுடர்தான் நல்லது. முகப் பவுடரில் இருக்கும் வாசனைப் பொருளும் ஈரப்பசையும் பரப்பில் படிந்து பிசுபிசுக்கும். இரண்டு மாதத்தில் பலகை மங்கிவிடும். ஒரு ஆட்டத்துக்கு இரண்டு விரல் கிள்ளும் அளவு போதும். நடுவில் தூவி, உலர்ந்த பருத்தித் துணியால் வட்டமாகப் பரப்புங்கள். காயின் போன வழியில் வெள்ளைத் தடம் தெரிந்தால் பவுடர் அதிகம். அந்தப் பலகையில் காயின் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும். போரிக் பவுடர் வயிற்றுக்குள் போகக் கூடாது. குழந்தைகள் ஆடினால் தின்பண்டத்தைப் பலகைப் பக்கம் கொண்டுவராமல், ஆடி முடித்ததும் கை கழுவச் சொல்லுங்கள். வடை, மிக்சர் தின்ற கையால் தொட்டால் எண்ணெய்க் கறையில் காயின் திடீரென நிற்கும். அந்த இடத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள்; பவுடர் போட்டுச் சிறிது நேரம் ஊற விட்டு உலர்ந்த துணியால் தேய்த்தெடுங்கள்.

அடுக்குதல்

நடுவில் ரெட். அதைச் சுற்றி ஆறு காயின், வெள்ளை கறுப்பு மாற்றி மாற்றி. இதற்கு வெளியே பன்னிரண்டு. உள்வட்ட வெள்ளை ஒவ்வொன்றுக்கும் நேர் பின்னால் ஒரு வெள்ளை வைத்தால் மூன்று கிளையோடு கவட்டை போல ஒரு வடிவம் கிடைக்கும். மீதியிடங்களைக் கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று மாற்றி நிரப்புங்கள். சரியாக அடுக்கியிருந்தால் குறுக்கே எண்ணும்போது ஐந்து காயின் வரும், 3.18 செ.மீ. காயினில் அது 15.9 செ.மீ. பலகையின் நடுவில் வரைந்திருக்கும் பெரிய வட்டத்தின் விட்டம் 17 செ.மீ., ஆகவே ஓரத்தில் கொஞ்சம் இடம் மிஞ்ச வேண்டும். வட்டத்தைத் தாண்டிக் காயின் நின்றால் அடுக்கு இறுகவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் சுற்றி அணைத்து மெல்ல நெருக்குங்கள். இறுகாத அடுக்கில் பிரேக் அடித்தால் வேகம் இடைவெளிகளிலேயே செத்துவிடும், காயின் சிதறாது.

கவட்டையின் இரண்டு கிளைகள் எதிர்மூலைப் பாக்கெட்டுகளை ஏறக்குறையப் பார்க்கும்படி வைத்தால், முதல் அடியிலேயே ஒரு வெள்ளை விழ வாய்ப்பு உண்டு. பிரேக் அடிப்பவருக்கு வெள்ளை, எதிராளிக்குக் கறுப்பு.

சுண்டும் விதம்

ஸ்ட்ரைக்கர் பேஸ் லைனின் இரண்டு கோட்டையும் தொட வேண்டும். ஓரத்தில் இருக்கும் சிவப்பு வட்டத்தின் மேல் வைத்தால் வட்டம் முழுக்க மறைய வேண்டும், அல்லது வட்டத்தைத் தொடவே கூடாது. பாதி மறைப்பது தவறு. வைத்த பிறகு 15 நொடிக்குள் அடிக்க வேண்டும்.

மணிக்கட்டை ஃபிரேமில் லேசாக ஊன்றி, சுண்டாத விரல்களைப் பரப்பின் மேல் வையுங்கள். ஆள்காட்டி விரலை நடுவிரலின் மேல் அழுத்தி விடுவிப்பது கத்தரி முறை. நடுவிரலைக் கட்டைவிரலில் மாட்டிச் சொடுக்குவது இன்னொரு முறை. இரண்டில் கைக்கு வருவதைப் பிடித்துக்கொண்டு மாற்றாமல் பழகுங்கள். நகம் ஸ்ட்ரைக்கரை ஏறக்குறையத் தொட்டபடி இருக்க வேண்டும். ஒரு அங்குலம் தள்ளி வைத்து வீசினால் நகம் வலிக்கும், அதைவிட முக்கியமாக ஸ்ட்ரைக்கர் பக்கம் பிசகும். விரலால் தள்ளிக்கொண்டே போவது அடி ஆகாது, சுண்ட வேண்டும்.

சொடுக்கும் இந்த விரல் கிரிக்கெட் வரை போயிருக்கிறது. கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பந்தைப் பிடித்துச் சொடுக்கி விடும் வீச்சுக்குக் கேரம் பால் என்று பெயர். 2008 ஆசியக் கோப்பை இறுதிப் போட்டியில் இலங்கையின் அஜந்தா மெண்டிஸ் இந்தியாவின் 6 விக்கெட்டுகளை 13 ரன்களுக்குச் சாய்த்தபோது அந்தப் பெயர் உலகமெங்கும் பரவியது. பிறகு அதை ஆயுதமாக வைத்துக்கொண்டவர் சென்னையின் அஸ்வின். இங்கே தெருவில் டென்னிஸ் பந்தில் ஆடும் பிள்ளைகள் அதைச் சொடுக்கு பால் என்பார்கள்.

குறி பார்க்கும்போது முதலில் பாக்கெட்டின் நடுவிலிருந்து காயினின் நடு வழியாக ஒரு கோட்டை மனதில் இழுங்கள். அந்தக் கோடு காயினின் பின்பக்கத்தில் எங்கே வெளியேறுகிறதோ அங்கேதான் ஸ்ட்ரைக்கர் தொட வேண்டும். ஆனால் நீங்கள் குறி வைக்க வேண்டியது அந்தப் புள்ளியை அல்ல. தொடும் கணத்தில் ஸ்ட்ரைக்கரின் நடு, காயினின் நடுவிலிருந்து சுமார் 3.65 செ.மீ. பின்னால் அதே கோட்டில் இருக்கும். ஸ்ட்ரைக்கரை அங்கே கொண்டுபோய் வைப்பதாக நினைத்து அடியுங்கள். காயினைச் சாய்வாக வெட்டி அனுப்பும் கட் அடிகளில் ஸ்ட்ரைக்கர் தேவைக்கு மேல் நடுவில் பட்டு, காயின் பாக்கெட்டுக்கு இப்பால் மோதுவதற்குக் காரணம், ஆரம்பக்காரர்கள் ஸ்ட்ரைக்கரின் நடுவைத் தொடும் புள்ளிக்கே ஓட்டுவதுதான்.

இன்னொரு தொல்லை, காயினோடு ஸ்ட்ரைக்கரும் பாக்கெட்டில் விழுவது. 15 கிராம் ஸ்ட்ரைக்கர் 5 கிராம் சொச்சம் உள்ள காயினில் நேருக்கு நேர் மோதினால் நிற்காது. ஏறக்குறையப் பாதி வேகத்தோடு அதே கோட்டில் பின்தொடரும். காயின் விழுந்த பாக்கெட்டுக்கே அதுவும் வந்து சேரும். ஸ்ட்ரைக்கருக்கு 3 மி.மீ. இடைவெளிதான் என்று மேலே பார்த்தோமே, தப்பிக்கும் வழி அதில்தான். ஸ்ட்ரைக்கரை பேஸ் லைனில் அரை அங்குலம் நகர்த்திச் சின்னக் கோணத்தில் அடித்தால், காயின் தாராளமான பாக்கெட்டில் விழும், ஸ்ட்ரைக்கர் விளிம்பில் பட்டு ஒதுங்கும். நேர்க்கோட்டைத் தவிர வேறு வழியே இல்லையென்றால் வேகத்தைக் குறையுங்கள். காயின் விழும் அளவு மட்டும் கொடுங்கள்.

ஃபிரேமில் மோதித் திரும்பும் ரீபவுண்டில் போன கோணத்திலேயே திரும்பும் என்பது மெதுவான, சுத்தமான அடிக்கு ஓரளவு சரி. ஒவ்வொரு பலகையின் ஃபிரேமும் கொஞ்சம் வேறுபடும். புதிய பலகையில் உட்கார்ந்தவுடன் வெறும் ஸ்ட்ரைக்கரை மூன்று வேகத்தில் ஒரே இடத்துக்கு அடித்து எங்கே திரும்புகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பேஸ் லைனுக்குப் பின்னால் கிடக்கும் காயினைப் பல வீடுகளில் நேராக அடிக்க விடமாட்டார்கள், எதிர் ஃபிரேமில் பட்டு வரச் சொல்வார்கள். போட்டி விதியில் நேராகவே அடிக்கலாம். அதற்குக் கட்டைவிரலால் பின்னோக்கிச் சுண்டும் அடியைத் தனியாகப் பழகுங்கள். தினமும் பத்து நிமிடம் அதற்கு மட்டும் ஒதுக்கினால் எதிராளி பாதுகாப்பு என்று ஒதுக்கி வைத்த இடமெல்லாம் உங்களுக்குத் திறந்துவிடும்.

ரெட்டும் கணக்கும்

உங்கள் காயின் குறைந்தது ஒன்று விழுந்த பிறகே ரெட்டைப் போடலாம். ரெட் விழுந்ததும் அடுத்த அடியில் உங்கள் காயின் ஒன்று விழ வேண்டும், இதுதான் ஃபாலோ. ஒரே அடியில் ரெட்டும் உங்கள் காயினும் விழுந்தால் ஃபாலோ முடிந்ததாகக் கணக்கு. ஃபாலோ தவறினால் ரெட் நடுவுக்குத் திரும்பும். ஆகவே ரெட்டை அடிக்கும் முன் ஃபாலோவுக்கு எந்தக் காயின் என்று முடிவு செய்துவிட்டுத்தான் விரலை வைக்க வேண்டும். பாக்கெட் வாயில் ஒரு காயினை வேண்டுமென்றே விட்டுவைத்து ரெட்டுக்குப் போவது நல்ல ஆட்டக்காரர்களின் பழக்கம்.

ஸ்ட்ரைக்கர் மட்டும் விழுந்தால் முறை போகும், உங்கள் காயின் ஒன்றும் வெளியே வரும். அதை எதிராளி பெரிய வட்டத்துக்குள் தனக்கு வசதியான இடத்தில் வைப்பார். காயினோடு சேர்ந்து விழுந்தால் அந்தக் காயினும், மேற்கொண்டு ஒன்றும் வெளியே. எதிராளியின் காயினை நீங்கள் போட்டுவிட்டால் அது அவர் கணக்கிலேயே சேரும், உங்கள் முறையும் முடியும்.

ரெட் ஃபாலோவும் முடிந்து, தன் காயின் ஒன்பதையும் முதலில் முடித்தவர் அந்த போர்டை, அதாவது அந்தச் சுற்றை வெல்கிறார். எதிராளியின் காயின் எத்தனை பலகையில் மிச்சமோ அத்தனை புள்ளி. ரெட்டை ஃபாலோ செய்தவரும் அவரே என்றால் 3 சேரும். ரெட்டை எடுத்தது தோற்றவர் என்றால் அந்த 3 யாருக்கும் இல்லை. 4 காயின் மிச்சம், ரெட்டும் உங்களிடம் என்றால் 7. ஒரு போர்டில் அதிகபட்சம் 12. 25 புள்ளி அல்லது 8 போர்டு, எது முதலில் வருகிறதோ அதோடு ஆட்டம் முடியும். மூன்றில் இரண்டு ஆட்டம் எடுத்தவர் வெற்றியாளர். ஏற்கெனவே 22 அல்லது அதற்கு மேல் வைத்திருப்பவருக்கு ரெட்டின் 3 சேராது. இது தெரியாமல் கடைசி போர்டில் ரெட்டுக்காகப் பாடுபட்டுத் தோற்பவர்கள் உண்டு. 22ஐத் தொட்டதும் உங்களுக்கு ரெட் முடித்தாக வேண்டிய ஒரு வேலை மட்டுமே.

வீட்டில் நான்கு பேர் ஆடும் பாயிண்ட் ஆட்டத்தில் கறுப்புக்கு 5, வெள்ளைக்கு 10, ரெட்டுக்கு 25 என்றோ, அதில் இரட்டிப்பாகவோ வைப்பார்கள். முதல் வகையில் மொத்தம் 160, இரண்டாவதில் 320. முடிவில் எல்லோர் புள்ளியையும் கூட்டி இந்த எண் வரவில்லையென்றால் ஒரு காயின் மடியிலோ நாற்காலிக்கு அடியிலோ இருக்கிறது.

கை தேறினால் எங்கே போகலாம் என்பதற்கு வட சென்னையைப் பார்த்தால் போதும். இரண்டு பக்கமும் வீடு நெருக்கும் சந்தில் கிரிக்கெட்டுக்கு இடம் இருக்காது. நான்கடிக்கு நான்கடி இடம் இருந்தால் ஒரு போர்டு நிற்கும். சென்னைக்காரரான மரிய இருதயம் இரண்டு முறை உலகச் சாம்பியன், 1996இல் கேரமுக்கு அர்ஜுனா விருது பெற்றவர். வியாசர்பாடியின் இளவழகி 2008இல் உலகப் பட்டம் வென்றார். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா மூன்று தங்கம் எடுத்தார். தமிழக அரசு அவருக்கு 1 கோடி ரூபாய் பரிசளித்தது. உங்கள் பகுதியில் கேரம் மன்றம் இருக்கிறதா என்று விசாரித்து, மாலையில் போய் ஒரு வாரம் பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல ஆட்டக்காரரின் ஸ்ட்ரைக்கர் காயினை அடித்த பிறகு எங்கே போய் நிற்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள், காயினைப் பார்க்காதீர்கள்.

ஆட்டம் முடிந்ததும்

பவுடரை உலர்ந்த துணியால் துடைத்து, பாக்கெட் வலைகளைத் தட்டி, பலகைமேல் பழைய வேட்டியோ போர்வையோ போர்த்துங்கள். சுவரில் சாய்த்து வைப்பதுதான் பலகையைக் கெடுக்கும் முதல் பழக்கம். தன் எடையிலேயே நடு வளையும். கட்டிலுக்கு அடியில் படுக்க வையுங்கள், அல்லது சுவரில் இரண்டு கொக்கி அடித்து நேராக மாட்டுங்கள். வெளிச்சுவரில் வேண்டாம், மழைக்காலத்தில் ஈரம் இழுக்கும். காயினை மூடிய டப்பாவில், மருந்துப் பாட்டிலில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு போட்டு வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஸ்கேலையும் டார்ச்சையும் மறுபடி எடுங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் பலகையைத் திருப்பி, குறுக்குக் கட்டைக்கும் ப்ளைவுட்டுக்கும் இடையில் மெல்லிய அட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செருகி, கீற்று மறையும்வரை பார்த்துப் பார்த்துச் சரி செய்யுங்கள்.